வீட்டுத் துணிக்குக் குறி கிடையாது

சலவைக்கடை அக்கா மனிதர்கள் சொல்வதை நம்பி நான் பார்த்ததில்லை. துணி சொன்னால் நம்புவாள். வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பூங்காவில் படுத்துத் தூங்குகிறவனை அவன் சட்டை முதுகில் இருக்கும் புல் கறையை வைத்தே பிடித்துவிடுவாள். சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி துணி தனித்தனி மூட்டையாக வரும். சமாதானம் ஆகிவிட்டால் ஒரே மூட்டை. தெருவில் எவருக்கும் தெரியாத சங்கதி அவளுக்கு வாளித் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.

என் தையல் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் கிளம்புகிற ஆவி இந்தப் பக்கம் என் கண்ணாடியில் வந்து படியும். அவள் போடுகிற சத்தமும் அப்படியே வந்துவிடும். பதினாறு வருஷமாக இரண்டையும் துடைத்துக்கொண்டுதான் பிழைப்பு நடத்துகிறேன்.

அந்த வீட்டில் மூன்று பேர். அக்கா, மூட்டைகளைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவரும் அவள் வீட்டுக்காரர், அப்புறம் அவர்கள் மகள். வீட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மகளைத் தெருவே ஸ்பேனர் என்று கூப்பிடும். பதினாலு வயதில், துணி பிழிகிற மெஷின் நின்றுபோய் மெக்கானிக் நாலு நாள் தண்ணி காட்டியபோது, தானே கழற்றிப் போட்டு ஓட்டிக் காட்டியவள். அதிலிருந்து பாவாடைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ ஒரு ஸ்பேனர் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. அக்காவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"பெத்தவ வச்ச பேரு ஒண்ணு இருக்கில்ல? இரும்புச் சாமான் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணுமா?" என்பாள்.

நான் உட்படத் தெருவில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு துணியிலும், காலர் உள்பக்கமோ இடுப்புப் பட்டையிலோ, அழியாத மையில் ஒரு குறி போடுவார்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கடைக்குறி. அக்கா கடையின் குறி இரண்டே படி வைத்த சின்ன ஏணி. அதன் பக்கத்தில் அந்தந்த வீட்டுக்கென்று ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு வட்டம். எது யாருடையது என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருப்பாள். தன் வீட்டுத் துணிக்கு மட்டும் குறி போடமாட்டாள். "அது எங்க போகப்போகுது? இந்தக் கொடியில காஞ்சு இந்த அலமாரிக்குள்ள போகுது. அதுக்கு எதுக்குக் குறி?" என்பாள்.

லிஃப்ட்டுக்காரம்மா இந்தக் கதைக்குள் வந்தது ஸ்பேனர் வழியாகத்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு மூட்டை கொண்டுபோன ஒருநாள் லிஃப்ட் நின்றுவிட்டது. அதை ரிப்பேர் பார்க்கிற ஒரு பொம்பளை கீழே குழிக்குள்ளிருந்து முகமெல்லாம் கரியோடு ஏறி வந்தாளாம். இவள் அங்கேயே மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறாள். அதோடு போச்சா? அந்த லிஃப்ட்டுக்காரம்மாவும் இன்னும் பதினோரு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் கூடுவார்களாம். நர்ஸு, பஸ் ஓட்டுகிறவள், கணக்கெழுதுகிறவள் என்று எல்லாரும் வேலைக்குப் போகிற பெண்கள். ஆளுக்கொரு பெண்ணை எடுத்துக்கொண்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, விண்ணப்பம் எழுதவைத்து, அவள் ஒரு வேலையில் உட்காரும்வரை கூடவே நிற்பார்களாம். ஸ்பேனர் எட்டு மாதம் அங்கே போனாள். வீட்டில் நூலகத்துக்கு என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லைதான்.

வேறு ஊரில் இருக்கும் லிஃப்ட் தொழில் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. இரண்டு வருஷப் படிப்பு, அங்கேயே விடுதி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"பைசா வாங்காம இதெல்லாம் எவ செய்வா?" என்று அக்கா கேட்ட கேள்வி பலகை தாண்டி வந்தது.

"அவங்க செய்றாங்கம்மா."

"அதான் ஏன்னு கேக்கறேன். பேப்பர் கடைக்காரர் மகளையும் ஒருத்தி இப்படித்தான் கூட்டிட்டுப் போனா. படிப்பு, வேலை, விடுதி. எட்டு மாசம் கழிச்சு வந்தா பாரு, இன்னிக்கு வரைக்கும் அந்தப் புள்ள ஜன்னல் திறக்கல."

அது நிஜம். அந்தப் பெண்ணைத் தெருவில் யாரும் மறக்கவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்கிற தைரியம்தான் யாருக்கும் வரவில்லை. அதனால் அக்காவின் சந்தேகத்தை நான் அன்றைக்குக் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் லிஃப்ட்டுக்காரம்மா நேரிலேயே வந்தாள். கொட்டுகிற மழை. கறுப்புக் கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு சொட்டச் சொட்ட வாசலில் நின்றாள். நாற்பது வயது இருக்கும். கைகள் மட்டும் பெரியவை.

"அக்கா, வெள்ளிக்கிழமை விஷயமா..."

"முதல்ல அதக் கழட்டிக் கொடு. தரையெல்லாம் ஈரம்" என்றாள் அக்கா. மழையில் நனைந்து வந்த துணியை வாங்கிக் காயவைக்காமல் அவளால் இருக்க முடியாது. எதிரியாக இருந்தாலும் சரி.

லிஃப்ட்டுக்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா கோட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காலரைப் பிரித்துப் பார்த்த பார்வையில் அது உள்ளேயே போய்விட்டது. இரண்டு வாய் டீ குடித்தாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

"கோட்டு இங்கயே இருக்கட்டும்க்கா. வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்து பாப்பாவக் கூட்டிக்கறேன். அப்ப வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையைக் கடன் வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தெரு முனை தாண்டுவதற்குள் அக்கா பலகையைத் தட்டினாள். "தம்பி, கொஞ்சம் வா."

தேய்க்கிற மேஜையில் கோட்டு உள்புறம் வெளியே தெரியப் பிரிந்து கிடந்தது.

"இத எண்ணு."

காலருக்குக் கீழே வரிசையாகக் குறிகள். ஒரு மீன் மாதிரி, இரட்டைக் கோடு, ஒரு முக்கோணம், ஒரு கொக்கி, கடைசியாக ஒரு சக்கரம். ஐந்து.

"அஞ்சு கடை. ஒரு ஊர்ல இருக்கறவளுக்கு எதுக்கு அஞ்சு கடைக் குறி? சரி, அது போகட்டும். எட்டு வருஷமா கிரீஸ்ல கைய வச்சிருக்கறவன்னு சொல்றா. கைமுனைய மோந்து பாரு. கிரீஸு எத்தன துவைச்சாலும் தையலுக்குள்ள நிக்கும். இதுல ஒரு பொட்டு இல்ல. இது அவ கோட்டே இல்ல."

நான் என் பங்குக்குத் தையலைப் பார்த்தேன். இங்கேதான் நானும் என் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பக்கத் தையல் பிரித்து அகலப்படுத்தி, மறுபடி பிடித்து, மறுபடி பிரித்திருந்தது. கையை ஒருமுறை நீட்டி இருமுறை மடித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை போட்ட தையல்.

"அக்கா, இது ஒரே உடம்புக்குத் தைச்சதில்ல. குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டை, நாலஞ்சு பேராவது போட்டிருக்காங்க. எல்லாம் சின்ன வயசுத் தோளு."

அக்கா முகம் வெளுத்துவிட்டது. "அஞ்சு பொண்ணுங்க போட்டிருக்காங்க. அஞ்சு ஊரு. அந்த அஞ்சு பேரும் இப்ப எங்க?"

நான் குறிகளை மறுபடி எண்ணினேன்.

முக்கோணக் குறி அவளுக்குத் தெரியும். சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அவள் சித்தப்பா மகனுடையது. உடனே போன் போட்டாள். எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வைத்தாள்.

"அண்ணே, கறுப்புக் கோட்டு. பொம்பள கோட்டு. உன் முக்கோணம், பக்கத்துல ரெண்டு புள்ளி. நோட்டப் பாரு."

அந்தப் பக்கம் இருமலும் தாள் புரட்டுகிற சத்தமும் கேட்டன.

"ஆமா, இருக்கு. மூணு வருஷம் ஆச்சு. எங்க பின் தெருவில ஒரு பொண்ணு. ஒரே ஒரு தடவதான் கொண்டாந்தா. 'நேத்து ஒரு நாள்தான் போட்டேன், நல்லாத் துவைச்சுக் கொடுங்கண்ணே'ன்னா."

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"இங்க இல்ல. யாரோ ஒரு அம்மா வந்து கூட்டிட்டுப் போனதாச் சொன்னாங்க. அப்புறம் நான் பாக்கல. ஏன், என்ன விஷயம்?"

அக்கா போனை வைத்துவிட்டாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. கோட்டை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணித்து வாயைக் கட்டினாள். துவைத்தால் தடயம் போய்விடுமாம். வெள்ளிக்கிழமை அவள் வருவாள், நானும் வீட்டுக்காரரும் வாசலை மறித்துக்கொள்ள வேண்டும், ஆளையும் கோட்டையும் சேர்த்துப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். நான் தலையாட்டினேன். எனக்கென்னமோ பெரிய துப்பறியும் அதிகாரி ஆகிவிட்ட நினைப்பு.

மகளிடம் ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நீ போகல."

மூன்று நாளும் மழை விடவில்லை. துணி காயவில்லை, கடையில் கயிறு கட்டி நடக்க இடமில்லாமல் தொங்கியது. ஈரத் துணிகளுக்கு நடுவே தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். சான்றிதழ்களைக் காணவில்லை. ஸ்பேனர் அலமாரி, டிரங்குப் பெட்டி, அரிசி டப்பா வரை தேடிவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வெடித்தது.

"அம்மா, எங்க வச்சே சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"எட்டு மாசம் படிச்சேம்மா. மோட்டார் படம் வரைஞ்சு வரைஞ்சு விரல் காய்ச்சுப்போச்சு. அந்த அம்மா டியூட்டி முடிச்சுத் தூக்கத்தோட வந்து உக்காந்து சொல்லிக்கொடுப்பாங்க. தப்புப் போட்டா தலையில குட்டுவாங்க. கடத்திட்டுப் போறவ கணக்கு தப்புன்னு குட்டுவாளா?"

"வேற எப்படிடி நம்ப வைப்பா? குட்டித்தான் நம்ப வைப்பா!"

"உனக்கு எல்லாரும் கறைதாம்மா. தேடிக்கிட்டே இருக்க."

அக்கா இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டை மேல் வைத்து அழுத்தினாள். தேய்த்து முடித்த அதே சட்டையை அவள் மறுபடி மறுபடி தேய்த்ததை நான் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்தப் பிடிவாதம் முழுக்கப் பயம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. பயப்படுகிறவளிடம் என்ன நியாயம் பேசுவது?

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நானும் வீட்டுக்காரரும் வாசலில் நின்றோம். என் கையில் பெரிய கத்தரிக்கோல். எதற்கு எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. லிஃப்ட்டுக்காரம்மா டியூட்டியிலிருந்து நேராக வந்தாள். சாம்பல் நிற வேலை உடுப்பு, முழங்கை வரை கிரீஸ். அக்கா முதலில் பார்த்தது அதைத்தான்.

"கிளம்பலாமா? எட்டரை பஸ்ஸைப் பிடிச்சாத்தான் பத்துக்குப் போக முடியும்" என்றவள், கத்தரிக்கோலைப் பார்த்து நின்றாள். "என்னண்ணே, எங்கயாவது திறப்பு விழாவா?"

நான் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அக்கா பையை மேஜைமேல் போட்டாள். "இது யார் கோட்டு?"

"ஏன்க்கா?"

"யார் கோட்டுன்னு கேட்டேன். அஞ்சு கடைக் குறி இருக்கு. அஞ்சு பொண்ணுங்க போட்டிருக்காங்க. அந்தப் புள்ளைங்கள என்ன பண்ணின? சந்தைப் பக்கத்துப் பொண்ணு எங்க?"

லிஃப்ட்டுக்காரம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"முதல்ல போட்டது நான். எட்டு வருஷம் முன்னாடி. லிஃப்ட் கம்பெனிக்குக் கிழிஞ்ச ஸ்வெட்டரோட போனேன். வாட்ச்மேன் உள்ளயே விடல. ஒரு நர்சம்மா இந்தக் கோட்டை வாங்கிக் கொடுத்து மறுநாள் அனுப்பினாங்க. வேலை கிடைச்சதும் திருப்பிக் கொடுத்தேன். 'எனக்கு வேண்டாம், அடுத்த பொண்ணுக்கு வை'ன்னாங்க. அதுலேர்ந்து எங்க பொண்ணுங்க யாரு தேர்வுக்குப் போனாலும் இதத்தான் போட்டுக்கிட்டுப் போவாங்க. தன் அளவுக்குப் பிடிச்சுக்குவா. போட்டு முடிச்சதும் தன் ஊர்க் கடையில துவைச்சு அடுத்தவளுக்குக் கொடுப்பா. சந்தைப் பக்கத்துப் பொண்ணு இப்ப பஸ் ஓட்டறா. போன் போட்டுத் தரேன், பேசுங்க."

"போன்ல யார் வேணா பேசுவா."

"திங்கக்கிழமை பாப்பாவுக்குப் போட்டுப் பாக்கத்தான் கொண்டுவந்தேன். மழை பிடிச்சுக்கிச்சு, நானே மாட்டிக்கிட்டேன். நீங்க காலரைப் பிரிச்சுப் பாத்த பார்வையில எனக்குக் கூச்சமாப் போச்சுக்கா. சலவைக்கடையில வந்து பழைய துணியக் கொடுக்கறேனேன்னு. வெள்ளிக்கிழமை சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

"கதை நல்லாருக்கு."

"ஆளுக்கு ஒரே ஒரு நாள்தான்க்கா போட்டிருக்காங்க. அதுக்கு மேல யாரும் போட்டதில்ல."

அக்காவின் கண் சட்டென்று பையின் மேல் போனது. ஒரு நாள் என்கிற வார்த்தையை அவள் ஏற்கெனவே போனில் கேட்டிருக்கிறாள். முடிச்சை அவிழ்த்தாள். புழுங்கிய நாற்றம் குப்பென்று கிளம்பியது. கோட்டை உதறி, கையை மடக்கி முழங்கை இடத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். இன்னொரு கையையும் பார்த்தாள்.

கறுப்புக் கோட்டு தினமும் போட்டால் ஆறே மாதத்தில் முழங்கை பளபளக்கும். எட்டு வருஷத்துக் கோட்டு இது. முழங்கை இரண்டும் கடையில் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தன. காலரில் குறி தேடியவளும் தையலில் உடம்பு தேடிய நானும் ஒரு மடிப்புத் தள்ளி இதைப் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் துணி பார்த்த கண், பயத்தில் ஒரு கோட்டைப் பாதிதான் பார்த்திருக்கிறது.

அக்கா நிமிர்ந்தாள். "மணி என்ன?"

"ஏழே கால்" என்றார் வீட்டுக்காரர்.

"நிக்கறீங்களே எல்லாரும்! வினிகர எடு. தம்பி, அந்தக் கத்தரிக்கோலுக்கு இப்பத்தான் வேலை. கையப் பிரி, இவ அளவுக்குப் பிடி. ஏய், ஆவி ஏத்து!"

ஸ்பேனர் பாய்லரடியில் உட்கார்ந்தாள். மழை ஈரத்துக்கு வால்வு சிக்கிக்கொண்டு சீறியது. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினாள், அடங்கியது. அக்கா வினிகர் தண்ணீரில் துணியை நனைத்து நாற்றம் பிடித்த இடங்களை ஒற்றி ஒற்றி எடுத்தாள். நான் கையை ஒரு விரற்கடை மடித்துப் பிடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஊசி ஓட்டியதில்லை. லிஃப்ட்டுக்காரம்மா உதவ எழுந்தபோது, "கிரீஸ் கையோட கிட்ட வந்தே, கொன்னுடுவேன்" என்று அக்கா விரட்டினாள். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தாள்.

எட்டு மணி பத்து நிமிஷத்துக்குக் கோட்டு தயார். ஸ்பேனர் போட்டுக்கொண்டாள். தோள் அப்படியே உட்கார்ந்தது.

"சான்றிதழ்?" என்றாள் மெல்ல.

அக்கா தேய்க்கிற மேஜையின் கம்பளியைத் தூக்கினாள். அடியில் உறை இருந்தது. மூன்று நாளாக அதன் மேலேயே ஊர்ச் சட்டைகளைத் தேய்த்திருக்கிறாள்.

"அம்மா, மார்க் ஷீட் சுடச்சுட இருக்கு!"

"பேசாம நட." உறையை அவள் மகளிடம் கொடுக்கவில்லை. தன் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நானும் வரேன்."

"நம்பிக்கை வந்துச்சா, இல்லையாக்கா?" என்றாள் லிஃப்ட்டுக்காரம்மா.

"கோட்டை நம்பறேன். உன்ன இன்னும் இல்ல."

பள்ளி வாசலில் உறையை மகள் கையில் கொடுத்ததையும், உள்ளே போனவள் வெளியே வரும்வரை இரண்டு மணி நேரம் அக்கா உட்காராமல் நின்றதையும் பிறகு லிஃப்ட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரியும். இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா, இறங்குகிற இடம் வந்ததும், "உன் வேலை உடுப்பை நாளைக்குக் கொண்டுவந்து போடு. எவன் துவைக்கறான் அத? கிரீஸ் எடுக்கத் தெரியாத பய" என்றாளாம்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. ஐந்து நாள் கழித்துக் கொடியெல்லாம் நிறைந்தது. மத்தியானம் அக்கா அந்தக் கோட்டை நிதானமாகத் துவைத்து, நிழலில் காயவைத்து, தேய்த்து மேஜைமேல் வைத்தாள். குறி நோட்டையும் மைக் குச்சியையும் எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் தன் இரண்டு படி ஏணியைப் போட்டாள்.

வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுத் துணிக்குக் குறி போடமாட்டியே" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"இது வெளிய போற துணி."

கோட்டோடு அவள் நிறுத்தவில்லை. மகள் விடுதிக்கு எடுத்துப்போக மடித்து வைத்திருந்த துணிகளை மேஜைக்கு இழுத்தாள். சட்டை, பாவாடை, துண்டு, உள்பாடி வரைக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் குறி போட்டாள். கடைக்குறி போட்டது எந்த ஊருக்குப் போனாலும் ஒருநாள் கடைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அவள் நம்புகிற சங்கதிகள் ரொம்பக் கொஞ்சம், அதில் இது ஒன்று. மூக்கை உறிஞ்சியபடியே போட்டாள். மை நெடி என்றாள்.

பட்டன் தைக்கத் தருகிறேன் என்று அக்கா சொல்லியிருந்த ஒரு சட்டையை வாங்குகிற சாக்கில் நான் எட்டிப் பார்த்தேன். ஏணி வழக்கம்போல இருந்தது. அதன் பக்கத்தில் மகளுக்கென்று அவள் போட்டிருந்தது புள்ளியும் இல்லை, வட்டமும் இல்லை. சின்னதாக, வாய் பிளந்தபடி, ஒரு ஸ்பேனர்.